எட்டு வாளிகளின் தலைவர்

1967ஆம் ஆண்டு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரை மணி. வெயில் தணியவில்லை, மேற்கிலிருந்து அடித்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதைப் போலச் சுட்டது. அந்த வேளையில்தான் கோவில்பதாகையில் எங்கள் தெருவின் தீயணைப்புத் தொண்டர் படை பிறந்தது. பெற்றவன் கங்காதரனாகிய நான். எனக்கு இழைக்கப்பட்ட அநீதியை வாசகர்களே விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும்.

முந்தைய வாரம் பக்கத்து வீட்டுத் தங்கவேலின் வைக்கோற்போர் பற்றி எரிந்தது. ஆள் சைக்கிளில் போய்ச் சொல்லி, தொலைவிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்குச் சாம்பல்தான் மிச்சம். தெரு முழுக்கக் கூரை வீடுகள்! நமக்கென்று ஒரு படை வேண்டாமா? ஆண்களைக் கிணற்றடியில் கூட்டினேன். எட்டு வாளிகள் சேர்த்துச் சிவப்பு வண்ணம் பூசினேன். ஊதல் ஒன்றும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தலைவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வேண்டியிருந்தது.

"எரிஞ்சது என் வைக்கப்போரு. தலீவரு நீயா, மச்சான்?" என்றான் தங்கவேல்.

"எரிய வுட்டவன் தலீவரா? ஊதல் வாங்கியாந்தது யாரு?"

"ஊதல் ஊதுனா நெருப்பு அணைஞ்சிடுமா?"

"நீ பீடி ஊதித்தானே நைனா பத்திக்கிச்சு!"

கைகலப்புக்கு ஒரு விரற்கடை தூரமே இருந்தபோது என் மனைவி வடிவு இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

இங்கே என் கொள்கையைச் சொல்லியாக வேண்டும். திருமணமான நாள் முதல் அந்தக் கிணற்றுக் கயிற்றை நான் தொட்டதில்லை. நீர் சேந்துவது பெண்கள் வேலை. வடிவுக்குத் தோள்பட்டை வலி கண்டு, "ரெண்டு கொடம் சேந்திக் குடுய்யா" என்று மாதக் கணக்கில் கெஞ்சியபோதும் அசையாதவன் நான். ஆண்மகனுக்குக் கொள்கைதானே முதுகெலும்பு?

"இன்னாத்துக்கு சண்டை?" என்றாள் வடிவு. "வாளிய தெனம் நெரப்பி வெக்கிறவருதான் தலீவரு. அவ்ளோதானே?"

தங்கவேலின் குரல் இறங்கியது. "தெனமுமா?"

"பின்ன? நின்ன தண்ணியில கொசு முட்டை போடும். காலீல பழைய தண்ணிய எடுத்துட்டுப் புதுசு சேந்தி வெக்கணும். நாங்க பொம்பளைங்க படையில இல்லப்பா. எங்கள இந்த வேலைக்கு இஸ்க்காதீங்க."

"நம்மால ஆவாது மாமே. தலீவரா நீயே இரு" என்று தங்கவேல் பின்வாங்கினான்.

போட்டியாளன் புறமுதுகு காட்டும்போது வீரன் யோசிப்பதுண்டோ? "நானே நெரப்புறேன்!" என்று முழங்கினேன். ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்; தங்கவேலின் மனைவி சொர்ணம் எல்லாரையும்விட. அதை மரியாதை என்று எண்ணினேன். அந்தக் களிப்பில் எட்டு வாளிகளையும் நானே சேந்தி நிரப்பி, என் வாசலில் வரிசையாக வைத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது, பதவி என்றால் சும்மாவா?

மறுநாள் காலை தங்கவேல் தன் வாசலில் காலை நீட்டிப் பீடி பற்றவைத்தான். சொர்ணம் குடத்தோடு வந்து, என் கண்ணெதிரே இரண்டு வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டாள். "பழைய தண்ணி, அண்ணாத்தே. கீய ஊத்துனா பாவம்" என்று விளக்கமும் தந்தாள். எஞ்சிய ஆறும் எங்கள் வீட்டு அண்டாவில் இறங்கிவிட்டிருந்தன. வடிவு வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அதில் ஊறவைத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரத்தம் கொதித்தது. "படையோட தண்ணிடி அது! எட்டு வாளியும் காலியா கீது. இப்ப ஒரு கூரை பத்திக்கினா இன்னா பண்றது?"

வடிவு எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கிணற்றுப் பக்கம் முகவாயைக் காட்டினாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன், தலீவரே. பேசிக்கினு நிக்காம சீக்கிரம் சேந்து."