பூச்சி இன்மைச் சான்று

காவிரிக் கரையில் உழுகிறவனுக்கும் நிலம் உடையவனுக்கும் நெடுங்காலமாக நடந்து வந்த சண்டையை, ஒரு போலீஸ்காரரைக்கூடக் கூப்பிடாமல், பதினொரு கிராமங்களில் அமைதியாக முடித்து வைத்த பெருமை என்னுடைய பூச்சி பயத்தையே சேரும். வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். ஆகவே, ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அலுவலர் சந்தானகிருஷ்ணன் ஆகிய நான், முழு சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதி வைப்பது யாதெனில்:

பூச்சி பயத்தை ஏளனம் செய்பவர்கள் அதன் நிர்வாகப் பயன்களை அறியாதவர்கள். மேலதிகாரிக்குப் பயப்படுகிறவன் அவர் ஜீப் கிளம்பியதும் சோம்பேறி ஆகிவிடுகிறான். பூச்சிக்குப் பயப்படுகிறவன் அப்படி இல்லை. அவன் எப்போதும் விழிப்போடு இருக்கிறான். செருப்பை மூன்று முறை தட்டாமல் காலை நுழைக்க மாட்டான். சட்டையை உதறாமல் போட மாட்டான். வீட்டில் ஒரு கரப்பான் தென்பட்டால் நான் மேஜை மேல் ஏறி நின்று நிலைமையைக் கண்காணிப்பேன். என் மனைவி பர்வதம் துடைப்பத்தோடு வந்து மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பாள்.

"கலெக்டர் வந்தாக்கூட இவ்வளவு அவசரமா எழுந்து நிக்க மாட்டேள்" என்பாள்.

அலுவலகத்தில் இந்தப் பொறுப்பு டவாலி நெய்னா முகம்மதுவிடம் இருந்தது. பழைய கோப்புகளில் இராமபாணப் பூச்சி குடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோப்பையும் அவர் முதலில் முற்றத்துக்குக் கொண்டுபோய், தலைகீழாகப் பிடித்து, நாலு தட்டுத் தட்டி, "காலி சார்" என்று அறிவித்த பிறகே நான் தொடுவேன். சில கோப்புகளில் பூச்சியோடு சேர்ந்து மனுக்களும் உதிர்ந்துவிடும். அதனால் நிலுவை குறைந்தது. எங்கள் பிரிவுக்கு நல்ல பெயர் வந்தது.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. அடுத்த சில வருடங்களில் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. சட்டம் மிகவும் எளிமையானது. பதிவு அலுவலர் வயலுக்குப் போக வேண்டும். வரப்பில் நின்று, அக்கம் பக்கத்து வயல்காரர்களை வைத்துக்கொண்டு, இதை உண்மையில் யார் உழுகிறார் என்று கேட்டு, அவர் பெயரை எழுத வேண்டும். பெயர் ஏறிவிட்டால் அவரை லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவர் அந்த வரப்பில் கால் வைக்க முடியாது. பதினொரு கிராமங்களுக்கு என்னைப் பதிவு அலுவலராக நியமித்தார்கள்.

நியமித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. வயலில் பூச்சி இருக்கும்.

வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, வண்டு, தும்பி, பெயர் தெரியாத பச்சையும் பழுப்பும். ஒரு முறை ஜீப்பிலிருந்து இடது காலை மட்டும் இறக்கிப் பார்த்தேன். ஏதோ ஒன்று துள்ளியது. உடனே காலை உள்ளே இழுத்துக்கொண்டு நடைமுறையில் ஒரு சிறிய திருத்தம் கொண்டுவந்தேன். அலுவலர் வயலுக்குப் போவதற்குப் பதில் வயல் அலுவலரிடம் வரலாம். விசாரணை நடக்கும் இடத்துக்கு அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளை ஒரு சான்று தர வேண்டும்: 'மேற்படி இடத்தில் பூச்சி, புழு, வண்டு வகையறா ஏதும் இல்லை என்று நேரில் பார்த்து உறுதி கூறுகிறேன்.' இதற்குப் 'பூச்சி இன்மைச் சான்று' என்று தூய தமிழில் பெயர் வைத்ததற்காகத் தமிழ் வளர்ச்சிக் கூட்டம் ஒன்றில் என்னைப் பாராட்டினார்கள்.

நெல் விளையும் ஊரில், மார்கழி மாதத்தில், அப்படிச் சான்று பெறத் தகுதியுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது மிராசுதார் வீட்டுக் கூடம். சிமெண்டுத் தரை, ஜன்னலுக்கு வலை, தலைக்கு மேல் விசிறி. முதல் நாளே பினாயில் போட்டுக் கழுவி, மூலைகளில் டி.டி.டி. தூவி வைத்திருப்பார்கள். குத்தகைக்காரர்கள் அந்தக் கூடத்துக்குள் வருகிற வழக்கம் இல்லை. அவர்கள் கொல்லைப்புறத்தில் நிற்பார்கள். நான் சட்டப்படி மூன்று முறை உரக்கக் கேட்பேன்: "ஆட்சேபணை உண்டா?" கூடத்தில் இருந்த ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. கூடத்தில் இருந்தது நானும் மிராசுதாரும்.

இப்படிப் பத்து கிராமங்களில் எல்லா நிலமும் மிராசுதார்களின் 'சொந்த சாகுபடி' என்று பதிவாயிற்று. ஒரு தகராறு இல்லை. பதினோராவது கிராமம் அரசமாங்குடி. குத்தாலத்துக்கும் திருப்பனந்தாளுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே மிராசுதார் இராஜாங்கம்.

இராஜாங்கம் கொள்கைப் பிடிப்பு உள்ளவர். ஆட்சி மாறிய மறு வாரமே வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டவர். அவர் வீட்டு வெளிச்சுவரில் 'உழுபவனுக்கே நிலம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. அந்த உழுபவன் தாம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அஞ்சா நெஞ்சம் கொண்ட அதிகாரி அவர்களே, அமருங்கள்!" என்று வரவேற்றார். மேடையில் பேசுகிற தமிழ் அது. உட்கார்ந்ததும் சாதாரணத் தமிழுக்கு இறங்கினார். "ஒரு ஈ எறும்பு கிடையாது சார். ரெண்டு ஆளை விட்டுக் கழுவச் சொல்லியிருக்கேன். தைரியமா இருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. பதிவேட்டை மூடக் கடைசி நாள். நெய்னா முகம்மது ஜும்மாவுக்குப் பக்கத்து ஊர் பள்ளிவாசல் போயிருந்தார். போகும்போதே, "ரெண்டு மணிக்குள்ள வந்துடுறேன் சார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். நான் எதையும் தொடவில்லை. இராஜாங்கம் ஊஞ்சலில் ஆடியபடி, தாம் இருபத்திரண்டு வருடமாகச் சேற்றில் இறங்கிப் பாடுபடுவதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நிலைப்படிக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். கொல்லைப்புறம் போகாமல் வாசல் பக்கமாகவே வந்துவிட்டான். பெயர் மருதையன். கையில் ஒரு கொத்து நெற்கதிர்.

"அய்யா, ஒம்போது மா எங்க அப்பா காலத்துலேருந்து நாங்க உழுவுறோம்ங்க. குத்தகை நெல்லு அளக்குறதுக்கு யாரும் சீட்டுக் குடுத்ததில்ல. கையில காயிதம் இல்லீங்க. கதிருதான் இருக்கு."

ஒன்பது மா என்றால் ஏறக்குறைய மூன்று ஏக்கர். கதிரைப் படிக்கு இந்தப் பக்கமாக நீட்டினான். ஆதாரங்களைப் பரிசீலிப்பது என் கடமை என்பதால் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை மட்டும் முன்னால் நீட்டினேன். கதிரிலிருந்து பச்சையும் பழுப்புமாக நீளமாக ஒன்று கிளம்பிப் பறந்து வந்து, என் சட்டைக் காலரில் உட்கார்ந்தது. ஆறு கால். இரண்டு நீண்ட மீசை. ஒரு மீசை என் தாடையைத் தொட்டது.

அரசு இயந்திரம் நின்றது.

"இராஜாங்கம் சார்," என்றேன், உதடு அசையாமல். "இது என்ன பூச்சி? கடிக்குமா?"

இருபத்திரண்டு வருடம் சேற்றில் இறங்கிய அவர் இரண்டு காலையும் ஊஞ்சல் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "எனக்கு என்ன சார் தெரியும்? யோவ் மருதையா, அது கொட்டுமாய்யா?"

"கொட்டாதுங்க. நாவாப்பூச்சி. நாத்தம்தான் அடிக்கும். கதிரு பாலு புடிக்கிறப்ப வரும், பால உறிஞ்சிட்டுப் பதரா ஆக்கிடும். கீழண்ட நாலு மாவுல நேத்துலேருந்து இருக்குங்க."

"கீழண்ட நாலு மாவா? அது எந்தப் பக்கம்யா இருக்கு?" என்று கேட்டார் மிராசுதார்.

இதைப் பதிவு அலுவலர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவருக்கு அப்போது வேறு அவசர அலுவல் கழுத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அசையாதீங்கய்யா, எடுத்துடுறேன்" என்ற மருதையன் ஒரு காலைத் தூக்கி, அப்படியே நிறுத்தி, மிராசுதாரைப் பார்த்தான். "உள்ள வரலாங்களா?"

இராஜாங்கம் யோசித்தார். அந்தக் கூடத்துக்குள் அவன் வந்ததில்லை. அவன் அப்பாவும் வந்ததில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் பூச்சி என் காதுப் பக்கம் ஏறியது.

"வரலாம்!" என்று கத்தினேன். "சட்டப்படி வரலாம்!"

மருதையன் நிலைப்படியைத் தாண்டினான். ஈரக் கால் தடம் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாகப் பதிந்தது. இரண்டு விரலால் பூச்சியை எடுத்தான். துண்டால் என் காலரைத் துடைத்தான். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரிதான் துடைத்தான்.

"நானூறு அடிதாங்க. ஒரு தரம் வந்து பாத்துடுங்க. அக்கம் பக்கத்து ஆளுங்க வரப்புல நிக்கிறாங்க. நான் முன்னால போறேன். ஒண்ணும் உங்க மேல உக்காராம பாத்துக்குறேன்."

நான் ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்தேன். அவன் முன்னால் துண்டை வீசிக்கொண்டே நடந்தான். வீசிய பக்கமெல்லாம் வெட்டுக்கிளிகள் எழும்பி விலகின. பாதி வழியில் ஒன்று அவனை ஏமாற்றிவிட்டு என் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. சின்னது. முன்னங்காலைத் தூக்கி முகம் கழுவியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலறவில்லை. உதறவில்லை. நாற்பத்தொரு வருடப் பயம் எந்த வாய்க்காலில் விழுந்ததோ தெரியவில்லை, போய்விட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வரப்பில் ஐந்து பேர் நின்றார்கள். மேலண்டை வயல் காத்தான் சொன்னார்: "இவங்க அப்பன் உழுது நான் பாத்திருக்கேன். இவன் உழுதும் பாக்குறேன். மிராசு அய்யா இந்தப் பக்கம் வந்து நான் பாத்ததில்லீங்க." மற்ற நால்வரும் ஆமாம் என்றார்கள். மருதையன் பெண்டாட்டி மதுரம் இடுப்பளவு பயிருக்குள் நின்று, ஒரு பழைய சேலையைக் கதிர் மேல் வீசி வீசி நாவாய்ப்பூச்சியை வாரிக்கொண்டிருந்தாள். அதிகாரி வந்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள். கதிருக்குப் பால் வற்றுவதற்குள் அவளுக்கு நாலு மா பாக்கி இருந்தது.

"எழுதிடுவீங்கள்லய்யா?" என்றான் மருதையன்.

"பார்த்துட்டேனே" என்றேன்.

கூடத்துக்குத் திரும்பினேன். ஈரக் கால் தடங்களைக் கழுவிவிட்டிருந்தார்கள். இராஜாங்கம் காப்பி கொடுத்தார். கோபப்படவே இல்லை.

"உங்களை நீலகிரிப் பக்கம் மாத்தப் போறதா ஒரு பேச்சு அடிபடுதாம் சார். மாவட்டத்துல சொன்னாங்க. அங்க அட்டை ஜாஸ்தி. செருப்புக்குள்ளயே குடித்தனம் பண்ணுமாம். உங்க உடம்புக்கு ஆகுமா? நான் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி வைக்கிறேன்." பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். "இன்னிக்குக் கடைசி நாள் வேற."

இந்த இடத்தில் வாசகர்கள் என் நிர்வாக முதிர்ச்சியைக் கவனிக்க வேண்டும். அட்டை எனக்கு ஒரு பொருட்டே அல்ல. கால் மணி நேரத்துக்கு முன் என் பயம் ஒழிந்துவிட்டது. ஆனால் ஓர் அலுவலர் தம் சொந்த பலவீனம் நீங்கிவிட்ட ஒரே காரணத்துக்காக, பத்து கிராமங்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு நடைமுறையைப் பதினோராவது கிராமத்தில் குலைக்கலாமா? பத்தும் தப்பு என்று ஆகிவிடாதா? பேனாவைத் திறந்து எழுதினேன்:

'மேற்படி வயலுக்குப் பூச்சி இன்மைச் சான்று பெறப்படாததால், நேரில் பார்வையிட இயலவில்லை. கூடத்தில் ஆட்சேபணை ஏதும் இல்லை. சொந்த சாகுபடி எனப் பதிவு செய்யலாம்.'

நெய்னா முகம்மது திரும்பி வந்து பதற்றத்தோடு கேட்டார்: "ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"ஒன்றும் வரவில்லை" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பூச்சி பயம் கிடையாது. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நெய்னா முகம்மது ஓய்வு பெறும் வரை கோப்புகளைத் தட்டிக் கொடுத்தார். கரப்பான் வந்தால் இன்றும் மேஜை மேல் ஏறுகிறேன். பர்வதம் முழங்கால் வலியோடு துடைப்பத்தைத் தேடுகிறாள். பதினொரு கிராமங்களையும் சச்சரவின்றி முடித்ததற்காக வந்த பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். உள்ளே இராமபாணம் புகுந்து கையெழுத்தைத் தின்றுவிட்டது. நான் தடுக்கவில்லை.

ஆறு வருடம் கழித்துக் குத்தாலம் பஸ் நிறுத்தத்தில் மருதையனைப் பார்த்தேன். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறானாம். முதுகெல்லாம் தவிடு. அந்த ஒன்பது மாவில் அடுத்த நடவுக்கே வேறு ஆள் இறங்கிவிட்டானாம். மதுரம் கூலிக்கு நடப் போகிறாளாம், சில நாள் அதே வயலுக்கு. இதையெல்லாம் அவன் குற்றமாகச் சொல்லவில்லை. நான் விசாரித்தேன், சொன்னான்.

திடீரென்று என் தோளைப் பார்த்தான்.

"அய்யா, அசையாதீங்க. ஒரு கட்டெறும்பு. உங்களுக்குத்தான் ஆவாதே."

துண்டை உதறிக்கொண்டு, அதே இரண்டு விரலோடு கிட்டே வந்தான். நான் அசையாமல் நின்றேன். அந்த ஒரு வேலையில் எனக்கு மொத்தம் முப்பத்திரண்டு வருட சர்வீஸ்.