எலிவேஷன் சாமிக்கண்ணு

வீட்டுக்குள் குடியிருப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு வெளியே, தெருவில் நின்று, தன் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே குடியிருப்பவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. இந்த இரண்டாவது இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடலூரில் மாடிக்குடியிருப்புகள் கிளம்பத் தொடங்கிய நாளிலிருந்து இவர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள். கட்டடத்தின் தெருப்பக்கத் தோற்றத்துக்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் பெயர் எலிவேஷன். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்பவர் எவரோ அவரே எலிவேஷன்காரர்.

ஆள் எப்படி இருப்பார்? அரசாங்க வேலையில் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றிருப்பார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பார், யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். காலையில் நடை போய்த் திரும்பும்போது எதிர்வரிசையில் நின்று இடுப்பில் கை வைத்துத் தன் கட்டடத்தைப் பார்ப்பார். ஒரு பால்கனியில் ஈரத் துண்டு தொங்கினால் போதும், அன்றைக்கு அவருக்குக் காப்பி இறங்காது.

மஞ்சக்குப்பத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் இருந்த சாமிக்கண்ணு இந்த இனத்தின் திலகம். 2008இல் கட்டடம் எழும்பும்போது வரைபடத்தில் தெருவைப் பார்த்து இரண்டு கடைகள் இருந்தன. ஒன்றில் மருந்துக்கடை, மற்றதில் டீக்கடை வருவதாகப் பேச்சு. சாமிக்கண்ணு விடுவாரா? "கடை வந்தா ஆளு வரும். ஆளு வந்தா நிக்கும். நின்னா எலிவேஷன் என்னா ஆவறது?" என்று கேட்டார். கேள்வியில் ஏதோ பெரிய விஷயம் இருப்பதுபோல் தெரிந்ததால் வீடு வாங்கியிருந்த எல்லாரும் கை தூக்கினார்கள். இரண்டாவது மாடி லூர்துசாமி மட்டும், "டீக்கடை இருந்தா நல்லாத்தான இருக்கும் சார்" என்றார். அவரைச் சரிக்கட்ட மூன்று கூட்டம் பிடித்தது.

கடைகள் போய்ச் சுவர் வந்தது. ஆறடிச் சுவர், சாம்பல் நிறக் கல் பதித்தது. சுவரின் அடியில் ஒரு முழ அகலத்துக்குத் திட்டு இருந்தது. தெருவில் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். சாமிக்கண்ணு கொத்தனாரைக் கூப்பிட்டு அதைச் சறுக்குப் பலகைபோல் சாய்வாகப் பூசச் சொன்னார். பூவரச மரம் முகப்பை மறைத்தது, மரம் போயிற்று. கட்டடத்தின் பெயரை எவர்சில்வர் எழுத்தில், ஆங்கிலத்தில், வளைத்து வளைத்துச் சாம்பல் கல்லின் மேல் பதித்தார்கள். பளபளப்பாக இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை. காவல்காரரின் நாற்காலிகூட வாசலில் கூடாதென்று அது லிப்டுக்குப் பின்னால் போயிற்று. அவர் அங்கே யாரைக் காவல் காத்தாரோ, நிம்மதியாகத் தூங்கினார்.

மிச்சமிருந்தது லோகநாயகி. கட்டடம் வருவதற்கு முன்னாலிருந்தே, காலிமனையாக இருந்த காலத்திலேயே, அந்தப் பூவரச நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. துணி கொடுக்க வந்தவர்கள் உட்காருவார்கள், துணி கொடுக்காதவர்களும் உட்காருவார்கள். "கரி, சாம்பல், வண்டி, பெஞ்சு, நாலும் எலிவேஷனுக்கு ஆவாதும்மா" என்றார் சாமிக்கண்ணு.

"மழைக்கு முன்னாடி சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பனே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

முகப்பு துடைத்து வைத்ததுபோல் ஆயிற்று. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள், மெச்சினார்கள், போய் அதே கல்லை வாங்கி அதே சுவரைக் கட்டினார்கள். இரண்டு வருடத்தில் தெரு முழுக்க ஒரே எலிவேஷன். சாமிக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவர் மகள் அனுப்பிரியாவுக்கு வரன் வந்தது. பெண்ணுக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த இரண்டு இடமும் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தன. இது பண்ருட்டி இடம், பையன் ஆசிரியர். ஜாதகம் பொருந்தியது. அதைவிட முக்கியம், போட்டோவைப் பார்த்துவிட்டு அனுப்பிரியா இரண்டு நாளாகத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதுவும் தவறினால் என்ன செய்வது என்று சாமிக்கண்ணுவும் மனைவி ஞானாம்பாளும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வாசற்படி ஏறிவிட வேண்டும். நாலு இருபதுக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் செம்பியன் போன் செய்தார்.

"அண்ணே, ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கிட்டோம். தெருவுக்குள்ளதான் நிக்கிறோம். எந்தக் கட்டடம்?"

"சாம்பல் கலர்ல கல்லு பதிச்ச சுவரு இருக்கும் பாருங்க."

"இருக்குதுண்ணே. எதுத்தாப்புலயும் இருக்குது. பக்கத்துலயும் இருக்குது."

"பெரிய கேட்டு. 'வண்டி நிறுத்தாதே'ன்னு போர்டு போட்டிருக்கும்."

"அது இல்லாத கேட்டே இல்லியே அண்ணே."

"பேரு எழுதியிருக்கும்."

"என்னாவோ மின்னுது. படிக்க வரல."

"சரி, யாரையாவது கேளுங்க, சாமிக்கண்ணு வூடுன்னு."

அவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்திருக்க வேண்டும். பிறகு செம்பியன் சொன்னார்: "கேக்கறதுக்குத் தெருவுல ஒரு ஆளு இல்லண்ணே."

பண்ருட்டிக்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊரில் யார் கதவு எண்ணைப் பார்த்து வீடு கண்டுபிடித்தார்கள்? டீக்கடையில் கேட்போம், தையல்காரரைக் கேட்போம், சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கேட்போம். அவர் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். அந்தத் தெருவில் வழிசொல்லக்கூடிய அத்தனை வாயையும் சாமிக்கண்ணுவே பொறுக்கிப் பொறுக்கி அப்புறப்படுத்தியிருந்தார்.

இறங்கி ஓடலாமென்றால் மின்வெட்டு, லிப்டு இல்லை. நாலு மாடியும் படியில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது தெரு காலியாகக் கிடந்தது. மறுபடி போன் செய்தார். எடுக்கவில்லை. மணி நாலு முப்பத்தைந்து. இனி ஆறு வரைக்கும் அவர்கள் எவர் வீட்டுப் படியும் ஏற மாட்டார்கள்.

தேடிக்கொண்டு அடுத்த தெரு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. பக்கத்துப் பெஞ்சில் வரிசையாகப் பண்ருட்டிக் கூட்டம், கையில் டீ. மாப்பிள்ளையின் தாய் ராசம்மாள் நடுவில் உட்கார்ந்து லோகநாயகியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சென்று தெரியாதா? பெண் எடுக்கும் வீட்டைப் பற்றி விசாரிக்க இஸ்திரிக்காரியைவிட நல்ல இடம் ஏது? அந்த வீட்டின் அழுக்கும் மடிப்பும் தெரிந்தவள் அவள்தானே. சாமிக்கண்ணு மரத்துக்கு இந்தப் பக்கமே ஒட்டி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"பொண்ணு தங்கம்மா" என்றாள் லோகநாயகி. "மத்த வூட்டுப் புள்ளைங்க துணிய வீசிட்டுப் போவும். இது ஒக்காந்து, 'கை வலிக்குதாக்கா'ன்னு கேட்டுட்டுத்தான் போவும். இங்க வந்த பொறவும் தேடிக்கினு வருது."

"தகப்பனாரு எப்பிடி?"

லோகநாயகி பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் கையை நிதானமாகத் தேய்த்தாள். சாமிக்கண்ணுவுக்கு அந்த ஒரு கை தேய்ந்து முடிவதற்குள் ஒரு வருடம் ஆனது போலிருந்தது.

"நல்ல மனுசந்தான். வாசல்ல ஆளு நின்னா மட்டும் ஆவாது."

"அப்ப நாங்கள்லாம் வந்தா எங்க நிக்கறதாம்?" என்றார் ராசம்மாள்.

ஆறு மணிக்கு எல்லாரும் மாடி ஏறினார்கள். கேசரி ஆறிப்போயிருந்தது. ஆனாலும் பையன் அனுப்பிரியாவைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், அதற்கு மேல் பெரியவர்களுக்கு அங்கே வேலையில்லை. கிளம்பும்போது ராசம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணே, நிச்சயத்துக்கு எங்க சனம் நாப்பது பேரு வரும். எல்லாம் வூட்டுக்குள்ளயே அடஞ்சி கெடக்க மாட்டாங்க. வாசல்ல ஒக்கார எடம் பண்ணி வையுங்க."

சாமிக்கண்ணு அன்றிரவே சங்கக் கூட்டம் போட்டார். வாசலில் ஒரு பெஞ்சு, ஒரே ஒரு பெஞ்சு, சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"பெஞ்சு போட்டா ஆளு வரும் சார்" என்றார் லூர்துசாமி. "ஆளு வந்தா நிக்கும். எலிவேஷன் என்னா ஆவறது?"

கிண்டலாகச் சொல்லவில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இரண்டு வருடப் பயிற்சி. வாக்கெடுப்பில் பெஞ்சுக்கு ஆதரவாக ஒரு கைதான் உயர்ந்தது, அது சாமிக்கண்ணுவின் கை.

நிச்சயதார்த்தத்தன்று விடியற்காலையில் அவர் லோகநாயகியிடம் போய் நின்றார். பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெஞ்சைப் பார்த்தார்.

"எடுத்துக்கினு போ சார். கல்யாண காரியம்" என்றாள் அவள். "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து போட்டுடு. என் வாசல்ல ஆளு ஒக்காரும்."

பெஞ்சின் ஒரு முனையைக் காவல்காரர் பிடிக்க, மறுமுனையைத் தானே தூக்கிக்கொண்டு சாமிக்கண்ணு தெருவில் நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று அவர் தன் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கட்டடத்துக்கு வெளியே போய், யாருக்கோ காத்திருப்பவர்போல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உட்கார ஓரிடம் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் கட்டியவரைத் திட்ட வேண்டாம். உள்ளே போய்ச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கை தூக்கியவர்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் கையெழுத்து உங்களுடையதுபோல் இல்லை?