மீட்டர் சுற்றாத வீடு

வீட்டில் இனி ஒரு பல்புகூட வீணாக எரியக்கூடாது என்று நூலகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். முடிவோடு நின்றிருக்கலாம். சட்டமும் போட்டார். நூலகத்தில் ‘பேசாதீர்’ என்று எழுதி ஒட்டிய கை, வீட்டில் சுவிட்சுக்குச் சுவிட்ச் ‘தொடாதீர்’ என்று ஒட்டியது. அறையில் நாலு பேர் இருந்தால்தான் விசிறி ஓடலாம். வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். ஹீட்டருக்கு வாரத்தில் ஒரு நாள். இஸ்திரிப் பெட்டி அலமாரிக்குள் போய்ப் பூட்டும் விழுந்தது. இஸ்திரியைப் பூட்டியவர் வீட்டு ஸ்திரீயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சரிங்க” என்றாள் மனைவி.

இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்தார். பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. அதுவும் கொளுத்துகிற வெயில் காலத்தில்! வீட்டில் ஒரு முணுமுணுப்பு இல்லை. கல்லூரிக்குப் போகும் மகளின் போன் எந்நேரமும் முழு சார்ஜில் இருந்தது. அவருடைய சட்டையோ கத்திபோல விறைத்து நின்றது.

“இது எப்படி?”

“மெத்தைக்கு அடியில வெச்சுப் படுத்துக்கறேங்க.”

“பார்த்தியா! மனசிருந்தா மின்சாரமே வேணாம்.”

நூலகத்துக்கு வந்தவர்களிடமும் இதையே சொன்னார். புத்தகம் எடுக்க வந்தவர்கள் பலர் எடுக்காமலே ஓடினார்கள்.

பக்கத்து வீட்டில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் குடியிருந்தார். சாது. முன்னறையில் மேஜை விளக்கடியில் உட்கார்ந்தால், உள்ளே என்ன நடக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. ஒருநாள் மாடிப்படியில் நூலகரை மறித்தார்.

“சார், எங்க மீட்டர் பம்பரமா சுத்துது. ஏன்னே புரியல.”

“மேஜை விளக்கை அணைங்கண்ணே. ஜன்னலோரமா உட்கார்ந்து வேலை பாருங்க.”

இரண்டு வாரம் கழித்து, சிவந்த கண்ணோடு மறுபடி வந்தார்.

“விளக்கை அணைச்சும் குறையல சார். நேத்து ஒரு திருகாணி கீழ விழுந்துச்சு. தேடித் தேடி இடுக்கியில எடுத்து மாட்டினா, அது எறும்பு. கடிகாரத்துக்குள்ள நடக்குது.”

நூலகருக்கு வீரம் வந்தது.

“யாரோ உங்க வீட்டுக் கரண்டைத் திருடறாங்க. வாங்க, இப்பவே பிடிக்கறேன்!”

முன்னறையில் ஒன்றுமில்லை. உள்ளறைக் கதவைப் படாரென்று தள்ளினார்.

“எவன்டா அது திரு…”



விசிறி முழு வேகத்தில் ஓடியது. மகள் வெந்நீரில் குளித்த ஈரத் தலையோடு போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மா கதை பேச, மனைவி நூலகரின் சட்டைகளை ஆவி பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்து கிடந்தது.

மனைவி தலை நிமிரவில்லை. “வந்துட்டீங்களா? போட்டிருக்கறதையும் கழட்டிக் குடுங்க. காலர் மடங்கியிருக்கு.”

“அப்பா, இப்ப நாலு பேருக்கு மேலயே இருக்கோம்” என்றாள் மகள். “விசிறி ஓடலாம்.”

கடிகாரக்காரர் கத்துவார் என்று நூலகர் காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. அந்த மனிதர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

“அட, நம்ம பிள்ளைங்கதானா! ஒயர்ல ஏதோ கோளாறுன்னு பயந்தே போயிட்டேன் சார்.”

சொல்லிவிட்டு, சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னது யார் என்பது நூலகருக்கு நன்றாக நினைவிருந்தது. காது மடல் சுட்டது. அந்தக் கண்ணை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மேஜையைப் பழைய இடத்துக்கு அவரே இழுத்துப் போட்டார். விளக்கையும் அவரே போட்டார். “மன்னிச்சுக்கங்கண்ணே” என்றது அவருக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ‘தொடாதீர்’களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். பின்னாலேயே வந்த மனைவியிடம் தரையைப் பார்த்துப் பேசினார்.

“இனி ஒரு மாசத்துக்கு அவங்க துணி, வெந்நீர் எல்லாம் நம்ம வீட்டுலதான். நீயே போய்க் கூப்பிடு. என்னால அவங்க முகத்துல முழிக்க முடியாது.”

“அதெல்லாம் கூப்பிட்டாச்சுங்க” என்றாள் மனைவி. “பக்கத்து வீட்டு அக்காவோட துணி மூட்டை, நீங்க மேஜையை இழுக்கறப்பவே நம்ம கட்டில்மேல வந்தாச்சு. நீங்க தேய்ச்சா போதும்.”