தன் பிரஷரைத் தானே அறிந்தவர்

இரத்த அழுத்தக்காரர்களில் ஓர் இனம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்குவார்கள், அலமாரியில் ஒழுங்காக அடுக்குவார்கள், மருந்துக்கடைக்காரரிடம் அதன் குணநலன்களைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுவார்கள், விழுங்க மட்டும் மாட்டார்கள். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் என் சகலை.

குடிநீர்க் குழாய்களில் அழுத்தம் அளப்பது அவருடைய உத்தியோகம். தெருக்குழாயில் முள் கொஞ்சம் ஏறினால் வால்வை மூடச் சொல்லி ஊரைக் கூட்டுவார். தன் உடம்பில் ஏறினால்? பிரஷர் இருந்தால் தனக்குத் தெரியாதா என்பார். தலை சுற்ற வேண்டுமாம், கண் இருட்ட வேண்டுமாம். இரண்டும் இல்லாதவனுக்கு மாத்திரை எதற்கு?

இவருக்குக் குடலிறக்கம் வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு மயக்க மருந்து டாக்டரம்மா கூப்பிட்டு, மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சகலை கூசாமல், “கரெக்டா சாப்பிடறேன்” என்றார். அன்றைக்கு அளந்ததில் பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தனக்கு அப்படித்தான் என்று டாக்டருக்கே பாடம் நடத்தினார். அறுவை சிகிச்சை அன்று காலை சாப்பாடு கூடாது, ஆனால் இந்த மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா தாளில் எழுதியும் கொடுத்தார். சகலை தலையை ஆட்டினார். ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

அறுவை சிகிச்சை நாள் வந்தது. பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்து நர்ஸ் அளந்தார். இருநூற்றுப் பத்து. மெஷின் ரிப்பேர் என்றார் சகலை. வேறு மெஷின் வந்தது. பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டாள் என்றார். தளர்த்தினார்கள். இடது கையில் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“நீங்க மயக்கத்துல இருக்கறப்ப உங்க பிரஷரை நான்தான் பிடிச்சு வெச்சிருக்கணும். ஏறினா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம், நான் இறக்கறப்ப ரொம்ப இறங்கினா இதயம் நிக்கலாம். உள்ள என்ன மருந்து இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

சகலை கூரையைப் பார்த்தார். பிறகு, “ரெண்டு மாசமா சாப்பிடல” என்றார். தினமும் ஒன்றை அட்டையிலிருந்து பிதுக்கி வாஷ்பேசினில் போட்டிருக்கிறார்.

கட்டில் ஓரம் நின்ற அவர் மனைவி குனிந்து கேட்டார்.

“அப்ப தினமும் காலையில நான் கொண்டு வந்து குடுத்த தண்ணி?”

“அதைக் குடிச்சேன்.”

அவ்வளவுதான். அங்கியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் நான்கு வாரம், மனைவி மாத்திரையைத் தன் கையாலேயே நாக்கில் வைத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஆ என்று காட்டினார். அளவு இறங்கியது. அறுவை சிகிச்சை நடந்தது. நடுவில் பிரஷர் ஒருமுறை துள்ளியதாம், ஒருமுறை சரிந்ததாம். டாக்டரம்மா தலைமாட்டை விட்டு நகராமல், ஊசிமருந்தை ஏற்றியும் குறைத்தும் ஆளைக் கரை சேர்த்திருக்கிறார். இது வெளியே வந்து எங்களிடம் அவர் சொன்னது.

சகலை சொல்வது வேறு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், ஆபரேஷன் முழுக்கத் தன் பிரஷர் அசையாமல் நின்றது, உடம்பு வாகு அப்படி என்கிறார். அதைக் கேட்டதும் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கும் விடுமுறை என்று வைத்திருப்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஒன்றைப் பாதியாக உடைத்தவர் யார்? ‘நாம் அந்த ஆள் மாதிரி இல்லையே, பாதியாவது போடுகிறோமே’ என்று இப்போது உங்கள் மனதில் ஓடியிருந்தால், ஓர் உபகாரம் செய்யுங்கள். மயக்க மருந்து டாக்டர் கேட்கும் அன்றைக்கு, பாதி என்றாவது சொல்லிவிடுங்கள்.