முள்ளு சேம்பரைச் செய்தவன் நான்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை முடிப்பதற்குள் மீசை முளைத்துவிட்டது என்பது வேறு விஷயம். லாரிக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றேன். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த என் ஒர்க் ஷாப்பில் இன்று மூன்று லேத் ஓடுகிறது. காற்றுக்கு விரிக்கும் பாயை மட்டும் நம்பி மாலத்தீவு போய்க்கொண்டிருந்த சரக்குத் தோணிகளில் பதினொன்றுக்கு இந்தக் கையால் டீசல் எஞ்சின் பூட்டியிருக்கிறேன். வரைபடம் கிடையாது, இன்ஜினியர் கிடையாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டே செய்தேன். இப்படிப்பட்டவனை நாற்பது பேர் முன்னால் முட்டாள் என்று சொல்லிவிட்டு, முழு உடம்போடு வீட்டுக்குப் போன மனிதர் தூத்துக்குடியில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் முள்ளு.

இப்போது அவர் இல்லை. அவருக்காகப் பழைய துறைமுகத்தில் தோணி முதலாளிகள் ஒரு பலகை வைக்கப்போகிறார்களாம். எழுதி வைத்திருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘தோணிக்கேற்ற ஆயில் சேம்பரைத் தந்தவர் முள்ளு அண்ணாச்சி.’ அவ்வளவுதான். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. வந்த கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயில் சேம்பர் என்பது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி. அங்கிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலே தள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது என்பதை ஒரு கேஜ் காட்டும். அழுத்தம் விழுந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி எஞ்சின் செத்துப்போகும். நடுக்கடலில் வேறு எஞ்சினுக்கு எங்கே போவது?

அந்தக் கேஜின் முள்ளைப் பார்ப்பதுதான் நம் ஆளுக்கு வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். தோணியில் அவர் எஞ்சின் டிரைவர். சோற்றுத் தட்டை மடியில் வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். தொட்டுக்கொள்ளக் கருவாடா, கத்திரிக்காயா என்று கேட்டால், “நாப்பத்தஞ்சு” என்பார்.

அவர் தங்கச்சி மகள் கல்யாணம். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போட்டோவுக்கு எல்லாரும் நிற்கிறார்கள், தாய்மாமனைக் காணோம். கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் முன்னால் குத்தவைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஃபேன், மைக், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. தங்கச்சி ஓடி வந்தார்.

“ஏண்ணே, இப்பமா ஆஃப் பண்ணணும்? மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது!”

“ஏளா, முள்ளு இருவதுக்குக் கீழ வந்துட்டு. மாப்பிள்ளைக்கு வேர்த்தா துடைச்சுக்கிடலாம். பேரிங்கு போனா நீ துடைப்பியா?”

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரம்மாவையும் அவர் விடவில்லை. “தாயி, இப்பம் பாக்குதது கணக்கில்ல. குளுந்த எஞ்சின்ல முள்ளு நல்லாத்தான் நிக்கும். சூடேறட்டும்” என்று சொல்லிவிட்டு, கட்டடத்தை மூன்று சுற்று ஓடி வந்து கையை நீட்டினார். உடனே பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

இவர் கையில்தான் நான் தோணிக்குப் பூட்டிய முதல் எஞ்சின் போய்ச் சேர்ந்தது. லாரி எஞ்சினைத் தோணிக்கு மாற்றி, அழுத்தம் விழுந்தால் கத்துவதற்கு ஒரு பஸ்ஸரும் வைத்துக் கொடுத்திருந்தேன். மறுநாளே பஸ்ஸரைக் கழற்றிக்கொண்டு ஒர்க் ஷாப்புக்கு வந்தார்.

“மேஸ்திரி, இத நீரே வச்சுக்கிடும்.”

“ஏன்வே, கத்தலையா?”

“கத்துது. சாவு விழுந்தபெறவு சங்கு ஊதுத மாதிரி கத்துது. முள்ளு, காய்ச்சல் அடிக்கும்போதே சொல்லிரும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ்ஸர் இல்லாத எஞ்சினுக்கு நான் பொறுப்பில்லை என்று சத்தம் போட்டு, திரும்பப் பூட்ட வைத்தேன்.

வெங்காயம் ஏற்றிய தோணி மாலத்தீவுக்குக் கிளம்பியது. காற்று வாட்டமாக இருக்கிறது என்று தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், பாயையும் விரித்தார். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. முள் நாற்பத்தைந்திலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. பஸ்ஸர் கத்தும் முன்பே நம் ஆள் எஞ்சினை நிறுத்திவிட்டார். பிறகு காற்றும் செத்தது. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது வெங்காயத்தில் தாள் முளைத்திருந்தது.

தோணி முதலாளி என்னிடம் வந்து குதித்தார். நான் முள்ளுவிடம் போய்க் குதித்தேன். எஞ்சினில் குறையே இல்லை, கேஜ்தான் கோளாறு என்று மூன்று கேஜ் மாற்றினேன். மூன்று பயணத்திலும் அதே கதை. துறையில் கட்டிக் கிடந்தால் நாற்பத்தைந்து, கடலில் பாய் விரித்தால் பதினைந்து. “இந்தப் பயந்தாங்கொள்ளிய இறக்கி விடுங்க” என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். ஒளிக்கவில்லை.

அது அவர் காதுக்குப் போயிற்று. மறுநாள் காலையில் தோணியில் ஏற்றுவதற்கு உப்பு மூட்டை வந்து இறங்கியது. என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். எஞ்சினை ஓடவிட்டு, மூட்டைகளையெல்லாம் தோணியின் இடது பக்கமே அடுக்கச் சொன்னார். தண்டல் பதறினார்.

“ஏலே, தோணியக் கவுக்கப் போறியா?”

“சாய்ச்சுத்தான் பாக்கணும். லாரி ரோட்டுல நேரா நிக்கும். நம்ம தோணி நேராவா போவுது?”

தோணி சாயச் சாய முள்ளும் இறங்கியது. பதினைந்தில் வந்து நின்றது. மூட்டைகளில் பாதியை வலது பக்கம் மாற்றச் சொன்னார். தோணி நிமிர நிமிர முள் ஏறியது. கரையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள்ளு என் பக்கம் கையை நீட்டி, “பயந்தாங்கொள்ளி இங்கன நிக்கான். முட்டாளு அங்கன நிக்கான்” என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. லாரியின் சேம்பர் அகலமும் தட்டையுமாக இருக்கும். தோணி சாய்ந்ததும் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிவிடுகிறது. உறிஞ்சும் குழாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கிறது.

தப்பு என்னுடையது. சரி. திருத்தியது யார்? அவரா? வெல்டிங் ராடை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது! நான்கு நாள் ஒர்க் ஷாப் கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் ஆழமாகக் குழி வைத்து, எண்ணெய் ஓடாதபடி குறுக்கே தகடு அடித்து, குழாயைக் குழிக்குள் இறக்கிப் புது சேம்பர் செய்தேன். கை இரண்டு இடத்தில் வெந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தால், துறைமுகமே அதற்குப் பெயர் வைத்து முடித்திருக்கிறது: முள்ளு சேம்பர். என்னிடமே வந்து, “அண்ணாச்சி, முள்ளு சேம்பர் ஒண்ணு செஞ்சு தாங்க” என்கிறார்கள். நேராக அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“பேரு நானாவே வச்சேன்?”

“இல்லன்னு நாலு பேருகிட்ட சொல்லப்பிடாதா?”

“எனக்கு முள்ளப் பாக்கவே நேரமில்ல.”

புது சேம்பரைச் சோதிக்கத் தோணி கடலுக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எஞ்சின் பூட்டுகிறவன் அதுவரை கடலுக்குள் போனதில்லை என்பது யாருக்கும் தெரியாது. துறைமுக வாயைத் தாண்டியதும் என் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. எஞ்சின் அறையில் சுருண்டு கிடந்தேன். மேலே பாயை விரித்தார்கள். தோணி சாய்ந்தது. முள்ளு என் காலரைப் பிடித்துத் தூக்கி, என் விரலை எடுத்துக் கேஜ் கண்ணாடிமேல் வைத்தார்.

“கண்ணத் தொறந்து பாரும்வே. முள்ளு அசையுதா?”

“இல்ல.”

“இது நீரு செஞ்சது. இந்தக் கரையில வேற ஒருத்தனாலயும் முடியாது.”

எஞ்சின் இரைச்சலில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். கரைக்கு வந்து அதை யாரிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை, சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். கல்லறைக்கு அவர் பெட்டியைத் தூக்கிப் போகும்போதும் திட்டிக்கொண்டேதான் தூக்கினேன். தோள் மாற்ற வந்தவர்களுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே தோணி முதலாளிமாருக்குச் சொல்கிறேன். பலகையில் அவர் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், மேலேயே எழுதுங்கள், நான் வாதுக்கு வரமாட்டேன். அடுத்த வரியில் ‘செய்தவர்’ என்று போட்டு என் பெயரை எழுத வேண்டும். இரண்டு பெயருக்கும் நடுவில் வேறு எவன் பெயரும் வரக் கூடாது.