நந்தியாவட்டையின் இயற்கை நிலை

பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், முடிதிருத்தும் கடைக்காரர் வாசலுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவி ஆசை ஆசையாய் வளர்த்த நந்தியாவட்டை, வேர் ஆட்டங்கண்டு, கிளை பிளந்து, ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது அவள் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: “நீங்க சாப்பிடுறீங்களோ இல்லையோ, நான் வரும்போது என் செடி பூத்து நிக்கணும்.”

ஒடிந்த கிளைகளை வெட்டி, மண்ணை அணைத்து மிதித்து, ஒரு கம்பு நட்டுக் கட்டினால் ஆயிற்று. ஆனால் மண்ணின் செடி மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. போன வருஷம் வரை இதையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சீமைப்புல் வளர்க்கச் சொன்ன அதே அலுவலகம், இப்போது ‘மண்ணின் செடிகள் மாண்பு காக்கும் பிரிவு’ என்று பலகையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அனுமதியின்றி இலையைக் கிள்ளினாலும் குற்றம். கடைக்காரர் போய்க் கைகட்டி நின்றார்.

“சார், செடி சாஞ்சிடுச்சு. நிமிர்த்திக் கட்டணும்.”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். “யார் சாய்ச்சது?”

“காத்துதான் சார்.”

“காத்து இயற்கையா, செயற்கையா?”

“இயற்கைதான்.”

“இயற்கை படுக்க வச்சதை எழுப்பி நிறுத்த நீங்க யாருய்யா? இனிமே அதுதான் அதோட இயற்கை நிலை.”

“ஒடிஞ்ச கிளையையாவது வெட்டிக்கிறேனே? அழுகிடும் சார்.”

“அழுகுறதும் இயற்கைதான்.”

அத்தோடு விட்டாரா அதிகாரி? மேலதிகாரி அம்மையாரையே அழைத்து வந்து காட்டினார். அம்மையார் தலையைச் சாய்த்துப் பார்த்து உருகிப்போனார். “என்ன ஒரு பணிவு! நிமிர்ந்து நிக்கிற செடியில ஏதோ திமிர் தெரியுது.”

அவ்வளவுதான், காற்று தொடாத வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. எதிர்வீட்டு வக்கீல் கயிறு கட்டி இழுத்துத் தன் செம்பருத்தியைச் சாய்த்தார். பக்கத்து வீட்டு டீச்சர் தன் செடிமேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே விட்டார். சிறந்த சாய்வுக்கு அலுவலகம் பரிசு அறிவித்தது.

கடைக்காரருக்குக் கை அரித்தது. அலுவலகம் சாப்பிட்டுக் கண்ணயரும் ஒரு மதியம், கத்திரியோடு இறங்கினார். கடையில் எந்தத் தலையையும் அவர் அத்தனை பயபக்தியோடு வெட்டியதில்லை. பிளந்ததை நீக்கி, வேருக்கு மண் அணைத்து, பழைய துண்டைக் கிழித்துக் கம்போடு கட்டினார். தினமும் தண்ணீர் விட்டார். சாய்ந்த செடிகளுக்கே பரிசு கொடுத்துத் திரிந்த அலுவலகம், நிமிர்ந்த செடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துளிர் விட்டது, மொட்டு வைத்தது. மனைவி வருகிற அன்று செடி வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. மனிதருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

மனைவி தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் நின்றாள். செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, தெருவே எவ்வளவு அழகாச் சாஞ்சு கிடக்கு! நம்மது மட்டும் ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது? நான் இல்லாத நேரம் பார்த்து மானத்தை வாங்கிட்டீங்களே!”

பையைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

“வக்கீல் சார், அந்தக் கயிறைக் கொஞ்சம் கொடுங்களேன்!”