தேவலோகப் பறவையின் கூடு

காட்டிலிருந்து ஒரு பறவைக் கூடு வந்தது. அன்றிலிருந்து ஊரில் மூளைக்கு விடுமுறை.

பஞ்சும் நாருமாய்ப் பின்னிய, சுரைக்காய் மாதிரிக் கூடு. எந்தப் பறவையுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத இடத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார் அல்லவா? உட்கார்ந்தார். நேற்றுவரை குடை பழுதுபார்த்தவர். இன்று கூட்டுச் சித்தர்.

"இது தேவலோகப் பறவையோட கூடு. இதை நனைச்ச தண்ணியைக் குடிச்சா எந்த நோயும் பறந்துடும்!"

பறவைக் கூடாயிற்றே, நோய் பறக்காமல் என்ன செய்யும்? வரிசை தெருமுனையைத் தாண்டியது. டாக்டர் வீட்டில் ஐந்து நிமிடம் உட்காரச் சலித்துக்கொள்கிறவர்கள் இங்கே வெயிலில் வெந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு பெண் பஸ் கண்டக்டர் இருந்தாள். அவள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, அவளுடைய அக்கா நாக்கு வறண்டு கட்டிலில் கிடந்தாள். சர்க்கரை மாத்திரைகள் குப்பைக்கூடையில் கிடந்தன.

"என்னக்கா இது?"

"கூட்டுத் தண்ணி குடிக்கிறவங்க மாத்திரை தொடக்கூடாதாம்டி. பறவைக்குக் கோவம் வருமாம்."

"பறவையே சொல்லுச்சா?"

"சித்தர் சொன்னாரு. கண்ணைக் கட்டினாக்கூட அந்தக் கூட்டோட சூடு அவர் கைக்குத் தெரியுமாம்!"

தங்கை மாத்திரைகளைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அழுது பயனில்லை. "சரி, நாளைக்கு என்கூட அங்கே வா. அவர் கைக்குத் தெரிஞ்சா நானும் குடிக்கிறேன். தெரியலைன்னா நீ மாத்திரை போடணும்."

மறுநாள் கூட்டத்தின் நடுவில் கண்டக்டர் குரலெடுத்தாள். "கண்ணைக் கட்டினாலும் தெரியுமாமே சாமி! எல்லாரும் பாக்கட்டுமே!"

கூட்டம் கைதட்டியது. சித்தரால் பின்வாங்க முடியவில்லை. அவர் கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிவிட்டு, கூட்டத்துக்கும் தெரியாதபடி மறைத்து, மூன்று கூடைகளில் ஒன்றுக்குள் கூட்டை வைத்துக் கவிழ்த்தாள். அவர் கை ஒவ்வொன்றின் மேலும் மிதந்தது. மூன்றாவதில் உடம்பே உதறியது.

"ஆகா, சுடுது! சுடுது!"

கூட்டம் கும்பிட்டது. அவள் கூடையைத் தூக்கினாள். உள்ளே, பாத்திரம் தேய்க்கும் பழைய நார்.

சித்தர் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "இன்னைக்குப் பறவை வெளியூர் போயிருக்கு..."

"அப்ப உங்களைச் சுட்டது எது?"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சந்தடியில் சித்தர் கொல்லைவழியே நழுவினார். அக்கா கையை நீட்டினாள்; தங்கை பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்போ இது எந்தப் பறவைதாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கும் தெரியாதுங்க. காட்டுல இதே மாதிரி கூடு இருக்கும். பக்கத்துல உக்காந்து, உள்ளே எது போகுதுன்னு பாத்தாத் தெரிஞ்சுடும். தெரியாதுன்னு சொல்ல மட்டும் வெக்கப்படாதீங்க. அந்த வெக்கத்துலதான் கண்டவனும் வந்து கூடு கட்டறான்!"